கண்ணில் ஒன்றுமில்லை என்றார்கள், வலி மட்டும் போகவில்லை



பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு ஆற அமரப் படியுங்கள். வழக்கம்போல் வரலாறுதான். ஆனால் இந்த முறை ராஜாக்கள் இல்லை. கண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் சென்ற மாதம் போன் செய்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த பிள்ளை. கண்ணாடி போட்டதும் பையன்கள் "சோடாபுட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்காக இரண்டு பேரைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தேன். (அந்த இருவரும் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.) கல்யாணப் பேச்சு தொடங்கிய சமயம், வீட்டார் சொல்லி லேசர் சிகிச்சை செய்துகொண்டாள். ஆறு வருடம் ஆகிறது. இன்று கண்ணாடி இல்லாமலேயே பரிசோதனைப் பலகையின் கடைசி வரிவரை படிக்கிறாள். ஆனால் கண் வலிக்கிறது. மிளகாய்க் கை பட்டதுபோல் எரிச்சல். ஃபேன் காற்று பட்டால் ஊசிக் குத்தல். ஏசி அறையில் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை. போகாத டாக்டர் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "கண் நன்றாக இருக்கிறது" என்றே சொல்லி அனுப்பினார்கள்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் என்னிடமும் இதைச் சொன்னாள். நான் சொன்ன பதில் இப்போதும் காதில் கேட்கிறது. "டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரும்மா. எல்லாம் மனசுதான். வேலையில கவனத்தைத் திருப்பு, சரியாப் போயிடும்." அவள் தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் கண்ணைப் பற்றிப் பேசவேயில்லை.

சென்ற மாதம் போனில், "சார், இது மனசு இல்லையாம். நரம்பு வலியாம். ஒரு டாக்டர் பேர் வச்சுச் சொல்லிட்டார் சார்" என்றாள். வலி போகவில்லை. பேர் கிடைத்ததற்கே அந்தக் குரலில் அத்தனை நிம்மதி. போனை வைத்த பிறகு எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காரணம் தெரியாமலே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் சொன்னவன் நான். அதனால் உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். கண்ணின் கறுப்பு வட்டத்துக்கு மேலே, கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல, ஒளி புகும் ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கார்னியா. நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். உள்ளே வரும் ஒளியை வளைப்பதில் பெரும்பங்கு இதனுடையது. இதன் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் கிட்டப்பார்வை குறையும். இந்தப் படலத்தில் ரத்தக்குழாய் கிடையாது. ஆனால் நரம்பு முனைகள் உடம்பில் வேறு எங்கும் இல்லாத அளவுக்கு நெருக்கம். தோலைவிடப் பல நூறு மடங்கு என்கிறார்கள். ஒரு தூசி விழுந்தால் உலகமே நின்றுவிடுவது அதனால்தான்.

இவ்வளவு கூச்சமுள்ள இடத்தில் கத்தி வைக்க முடிந்ததே ஒரு கதை. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் டாக்டர், கோகெய்ன் கரைசலைச் சொட்டுவிட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டார். முதலில் தவளையின் கண்ணில் பார்த்தார். கடைசியில் தன் கண்ணிலேயே விட்டு, குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். வலிக்கவில்லை. அன்றிலிருந்து கண் அறுவை சிகிச்சைக்கு ஒரு கதவு திறந்தது. இந்த மரத்துப்போகும் சொட்டு மருந்தை நினைவில் வையுங்கள். கடைசியில் மறுபடி வரும்.

கார்னியாவை மாற்றிக் கண்ணாடியை ஒழிக்கலாம் என்று பெரிய அளவில் முயன்றவர் ஜப்பானின் ட்சுடோமு சாட்டோ. 1930களின் கடைசியில் தொடங்கி, கார்னியாவில் முன்புறமும் பின்புறமும் கீறல் போட்டு நூற்றுக்கணக்கான கண்களுக்குச் சிகிச்சை செய்தார். பவர் குறைந்தது, நோயாளிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் கார்னியாவின் உட்புறத்தில் ஒரே வரிசையாக இருக்கும் செல்கள்தான் நீரை இறைத்து வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன, அவை அழிந்தால் மனிதனுக்கு மறுபடி வளராது என்பது அப்போது தெரியாது. பத்து, இருபது வருடம் கழித்து அந்தக் கண்கள் ஒவ்வொன்றாக நீர் கோத்துப் புகை படிந்தன. ஏமாற்று வேலை எதுவும் நடக்கவில்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நல்லெண்ணத்தோடு செய்தார். கணக்கு இருபது வருடம் தாமதமாக வந்தது.

அடுத்தவர் மாஸ்கோவின் ஸ்வியத்தோஸ்லாவ் ஃபியோதரோவ். 1970களில் கண்ணாடி உடைந்து சில்லு கண்ணில் குத்திய ஒரு சிறுவன் அவரிடம் வந்தானாம். காயம் ஆறியபின் அவனுடைய கிட்டப்பார்வை குறைந்திருந்ததைக் கவனித்தார் என்று சொல்வார்கள். சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப்போல் கார்னியாவில் சுற்றிலும் கீறல் போடும் முறையை அவர் பரப்பினார். தொழிற்சாலையில் சாமான் நகர்வதுபோல், படுக்கையில் நோயாளி ஒரு டாக்டரிடமிருந்து அடுத்த டாக்டரிடம் நகரும் ஏற்பாடே அவர் மருத்துவமனையில் இருந்தது. 1978இல் முறை அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அரசு உதவியோடு நானூறுக்கு மேற்பட்டவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. 43 சதவீதக் கண்களில் பார்வை ஒரு பவர் அல்லது அதற்கு மேல் மறுபக்கமாக, தூரப்பார்வைப் பக்கமாக, நகர்ந்திருந்தது. கண் அப்போதும் மாறிக்கொண்டுதான் இருந்தது.

இனி நம்மூர்க்காரர் கதை. ரங்கசாமி சீனிவாசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, 1961இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். 1981 நவம்பர் 27. அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள். முதல்நாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். அதன் குருத்தெலும்பில் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் லேசரைச் செலுத்தினார். புற ஊதாக் கதிர்! வெட்டு சுத்தமாக விழுந்தது. ஓரத்தில் கருகலே இல்லை. சூட்டால் எரிக்காமல், மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்து ஆவியாக்கிவிடுகிறது அந்தக் கதிர். அவரும் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோரும் அதன் அருமையை உடனே உணர்ந்தார்கள். ஒரு தலைமுடியில் படிக்கட்டுபோல் பள்ளம் வெட்டிக் காட்டிய படம் உலகப் புகழ் பெற்றது. 2013இல் அதிபர் ஒபாமா கையால் மூவரும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார்கள். மெட்ராஸில் படித்த ஒருவர் இதில் இருக்கிறார் என்பது எனக்கு இந்த வயதிலும் பெருமை.

நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோகல் 1983இல் சீனிவாசனோடு சேர்ந்து இந்த லேசரைக் கார்னியாவுக்குக் கொண்டுவந்தார். 1988இல் மார்கரீட் மெக்டொனால்ட், புற்றுநோயால் கண்ணையே எடுக்கவேண்டியிருந்த ஒரு பெண்மணியின் பார்வையுள்ள கண்ணில் முதல்முறை செய்தார். எப்படியும் போகப்போகிற கண், யாருக்காவது பயன்படட்டும் என்று அந்த அம்மாள் முன்வந்தார். கணக்கைப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு பவர் குறைக்க நடுவில் ஏறத்தாழ 12 மைக்ரான் சீவினால் போதும். ஐந்து பவருக்கு 60 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்தான்.

அந்த முதல் முறையில் கார்னியாவின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு லேசர் பாய்ச்சுவார்கள். புண் ஆறும்வரை நாலைந்து நாள் கடுமையான வலி. அந்த வலியை ஒழிக்க வந்ததுதான் லேசிக். ஹோசே பர்ரகேர் 1940களின் கடைசியிலேயே, தச்சர் இழைப்புளியால் மரத்தைச் சீவுவதுபோல் கார்னியாவில் ஒரு வில்லையைச் சீவி எடுக்கும் முறையைத் தொடங்கியிருந்தார். கிரீட் தீவின் இயோனிஸ் பல்லிகாரிஸ் 1990ஐ ஒட்டி அதையும் லேசரையும் இணைத்தார். மேலே ஒரு மெல்லிய மூடியைச் சீவி, ஓர் ஓரம் மட்டும் கீல்போல ஒட்டியிருக்கத் திறந்து, உள்ளே லேசர் பாய்ச்சி, மறுபடி மூடிவிடுவது. மேல்தோல் பிழைத்தது. வலி ஒருநாளோடு போனது. மறுநாள் காலையில் கடிகாரத்தில் மணி பார்க்கலாம். 1990களின் இறுதிக்குள் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதலும் வந்தது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் செய்துகொண்டார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கார்னியாவின் நரம்புகள் சுற்றளவிலிருந்து நடுவை நோக்கிப் புகுந்து, மேல்நோக்கி ஏறி, மேல்தோலுக்கு அடியில் வலையாகப் படர்கின்றன. வட்டமாக மூடியை வெட்டினால், கீல் இருக்கும் ஓரம் தவிர மற்ற இடங்களில் அந்த நரம்புகள் அறுபடும். சில நாள் வலியைத் தவிர்க்க வந்த முறை, பல வருடம் ஆற வேண்டிய நரம்புகளை அறுத்தது. 2005இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எண்ணிப் பார்த்தார்கள். பழைய முறையில் இரண்டு வருடத்தில் நரம்பு அடர்த்தி பழைய நிலைக்கு வந்துவிட்டது. லேசிக் கண்களில் ஐந்து வருடம் கழித்தும் வரவில்லை. அதற்காகப் பழைய முறையில் நீடித்த வலி வராது என்று நினைத்துவிடாதீர்கள். அதிலும் வரலாம், புதிதாக வந்திருக்கும் ஸ்மைல் முறையிலும் வரலாம். எல்லா முறையும் நரம்பைத் தொடத்தான் செய்கிறது.

பெரும்பாலோருக்கு நரம்பு குறைவதால் சில மாதம் கண் வறட்சி வரும், பிறகு சரியாகும். ஒரு சிலருக்கு மட்டும் அறுந்த நரம்பு நுனி தாறுமாறாக வளர்கிறது. சில இடங்களில் முடிச்சாகத் திரள்கிறது. காற்று, வெளிச்சம், கண்ணீர் காய்வது, எதுவும் அதற்கு நெருப்பு. சமயத்தில் எதுவுமே தொடாமல் தானாகவே வலிச் செய்தி அனுப்புகிறது. நாளடைவில் மூளையும் அந்த வலிக்குப் பழகி, அதைத் தன் வழக்கமாகவே வைத்துக்கொள்கிறது.

டாக்டர் ஏன் "ஒன்றுமில்லை" என்றார்? கண்ணில் ஃபுளோரசீன் என்ற சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மேல்தோல் எங்கே புண்ணோ அங்கே பச்சையாக ஒளிரும். இந்த நோயாளிகளுக்கு ஒளிர்வதேயில்லை. பாஸ்டனில் பெரி ரோசந்தால் என்ற முதிய மருத்துவர், கண்ணின் வெள்ளைப்பகுதியில் அமர்ந்து கார்னியாவின்மேல் நீரைத் தேக்கி வைக்கும் பெரிய லென்ஸ்களுக்குப் பேர்போனவர். நாள் முழுவதும் நீருக்குள் மூழ்கிய கண்ணும் "காய்கிறது, எரிகிறது" என்று சிலர் சொல்வதைக் கேட்டார். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டாமல், சாயம் பிடிக்காத வலி உண்மையா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 2009இல் சக மருத்துவர்களோடு கட்டுரை எழுதினார். உண்மைதான், நரம்பே நோயாகிவிட்டது என்பது அவர் கண்ட விடை. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2007இல், ஸ்பெயினின் நரம்பியல் அறிஞர் கார்லோஸ் பெல்மோன்டே ஒரு கேள்வி கேட்டிருந்தார். கை வெட்டப்பட்டவருக்கு இல்லாத கை வலிப்பதுபோல, இது ஒரு மாயக் கார்னியாவின் வலியோ?

அந்த மாயக் கையின் வரலாறு இன்னும் பழையது. பிரான்சின் அம்ப்ருவாஸ் பாரே பதினாறாம் நூற்றாண்டிலேயே, கால் வெட்டப்பட்ட வீரர்கள் அந்தக் காலே வலிப்பதாகச் சொன்னதை எழுதி வைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஃபிலடெல்ஃபியா மருத்துவமனையில் நரம்புக் காயங்களுக்குச் சிகிச்சை அளித்த வெயர் மிட்செல், 1866இல் அதை முதலில் பெயர் போடாமல் ஒரு சிறுகதையாக வெளியிட்டார். 1871இல்தான் தன் பெயரிலேயே மாய உறுப்பு என்ற சொல்லோடு எழுதினார். காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், வலியைச் சொல்கிறவர் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. பாரே காலத்திலிருந்து என் மாணவி காலம்வரை இது மாறவில்லை.

கண் விஷயத்தில் அந்த நிரூபிப்பு பொது மேடைக்கே வந்தது. 2008 ஏப்ரல் 25 அன்று எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழு மேரிலாண்டு மாநிலத்தில் திறந்த விசாரணை நடத்தியது. லேசிக்கால் வாழ்க்கை மாறியது என்று மகிழ்ந்தவர்களும் பேசினார்கள். வலியையும் வறட்சியையும் இரவில் விளக்குகள் சிதறித் தெரிவதையும் சொல்லி அழுதவர்களும் பேசினார்கள். சிகிச்சைக்குப் பின் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட மகனைப் பற்றி ஒரு தந்தை பேசினார். 1990களில் ஒப்புதல் வழங்கிய பிரிவில் பொறுப்பு வகித்த மோரிஸ் வாக்ஸ்லர், 2011இல் அந்த ஒப்புதலையே திரும்பப் பெறச் சொல்லி மனுக் கொடுத்தார். எஃப்.டி.ஏ. ஏற்கவில்லை.

ஆனால் விசாரணை வீண்போகவில்லை. எஃப்.டி.ஏ.வே மற்ற அரசு நிறுவனங்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தி 2017இல் வெளியிட்டது. இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன். 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு வறட்சி அறிகுறியே இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை மூன்று மாதம் கழித்து வறட்சி இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பார்வைத் தொந்தரவுகளை வினாத்தாளில் எழுதியவர்களின் எண்ணிக்கை, அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நம் பிள்ளைகள் சந்தேகத்தை வகுப்பில் கேட்காமல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பார்களே, அதேதான்.

அதே 2017இல் உலர்கண் நோய்க்கு உலக நிபுணர்கள் வகுத்த புதிய வரையறையில் நரம்புணர்வுக் கோளாறும் ஒரு காரணமாகச் சேர்ந்தது. 2020இல் வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் வலியின் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. 2022இல் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், நீடித்த வலி உள்ளிட்ட ஆபத்துகளைச் சிகிச்சைக்கு முன்பே நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றது.

என் மாணவிக்கு என்ன செய்தார்கள்? கொல்லரின் அந்தச் சொட்டு மருந்து வந்தது. இன்று கோகெய்ன் இல்லை, அதன் வழிவந்த வேறு மருந்து. மரத்துப்போகும் சொட்டை விட்டால் வலி முழுவதும் நின்றால், கோளாறு கண்ணின் மேற்பரப்பில். நிற்கவேயில்லை என்றால் மேலே, மூளை நரம்பு வழியில். பாதி நின்றால் இரண்டிலும். அவளுக்குப் பாதி நின்றது. இப்போது அவள் ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் சீரம் சொட்டு ஒருபக்கம், நரம்பு வலிக்கான மாத்திரை ஒருபக்கம். மாதக்கணக்கில் ஆகும், முழுதும் போகுமா என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மரத்துப்போகும் சொட்டைப் பரிசோதனைக்கு மட்டும்தான் டாக்டர் விடுவார். சுகமாக இருக்கிறதே என்று வாங்கி வீட்டில் விட்டால் கார்னியாவே கெட்டுப்போகும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து, நிச்சயித்த சிகிச்சையை ரத்து செய்ய வேண்டாம். என் அக்கா மகன் உட்பட நம் குடும்பத்திலேயே செய்துகொண்டு சுகமாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் போவதற்கு முன் கேளுங்கள். எனக்கு ஏற்கெனவே கண் வறட்சி இருக்கிறதா? ஒற்றைத்தலைவலி, உடம்பெல்லாம் நீடித்த வலி போன்றவை இருந்தால் நரம்பு வலி வரும் ஆபத்து கூடும் என்கிறார்களே, என் நிலை என்ன? பிறகு வலி நீடித்தால் யார் பார்ப்பார்கள்? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பெற்றோருக்கு ஒன்று: மாப்பிள்ளை வீட்டார் கண்ணாடியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்பதற்காகப் பெண்ணை அனுப்பாதீர்கள். அவளுக்கே வேண்டும் என்றால் போகட்டும்.

சிகிச்சை முடிந்து பல மாதம் ஆகியும் வலிப்பவர்கள், கார்னியா நிபுணரிடம் போய் "இது நரம்பு வலியாக இருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். திடீரென்று கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடுங்கள், காத்திருக்காதீர்கள். வலியால் மனம் நொந்துபோயிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனசுக்கு மருந்து எடுத்தால் வலி பொய் என்று ஆகிவிடாது.

அந்தப் பெண்ணிடம் அன்றே போனில் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ சார், நீங்க எதுக்கு" என்றாள். இங்கே எல்லோர் முன்னாலும் எழுதிவிடலாமா என்று கேட்டேன். பேர் போடாமல் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். கல்யாண வீட்டில் நான் சொன்னது தவறு அம்மா.

இதேபோல் உங்களில் யாருக்காவது இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இந்த முறை முழுதும் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்